பொருந்தாத ஈரல்

“விடுடா. உன் ஈரல் பொருந்தலன்னா அதுக்கு நீ என்ன பண்ணுவ?” அத்தை சின்னவனின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஆறுதல் சொல்லச் சொல்ல அவனுக்கு அழுகை கூடிக்கொண்டே போனது.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே குடும்பமே உட்கார்ந்திருந்தது. உள்ளே ஓர் அறையில் அண்ணன், பக்கத்து அறையில் அக்கா. அக்காவின் கல்லீரலில் பாதியை எடுத்து அண்ணனுக்கு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் ஒரு சொட்டுக் குடித்தவன் இல்லை. பித்தக்குழாய்கள் தாமாகவே சுருங்கி அடைத்துக்கொள்ளும் வியாதி அவனுக்கு; பித்தம் வடிய வழியில்லாமல் கல்லீரலையே கெடுத்துவிட்டது. கண்ணெல்லாம் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு. ஒரு கையால் சாப்பிடுவான், மறு கையில் சீப்பை வைத்து முதுகைச் சொறிந்துகொண்டிருப்பான். வேறு ஈரல் வைக்காவிட்டால் வருஷம் தாண்டாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அண்ணிக்கு ரத்த வகை சேரவில்லை. அக்காவும் சின்னவனும்தான் “நான் தரேன்”, “சும்மா இரு அக்கா, நான்தான் தருவேன்” என்று நடுவீட்டில் சண்டையே போட்டார்கள். முதல் சோதனைகளில் இரண்டு பேருமே தேறினார்கள். இளவட்டம், சீக்கிரம் தேறிவிடுவான் என்று எல்லோருமாகச் சேர்ந்து சின்னவனையே முடிவு செய்தார்கள். அவன் முடியாமல் போனால் அக்கா.

“உங்க அண்ணனுக்காக எவ்வளவு துடிச்சீங்கன்னு எனக்குத் தெரியாதா தம்பி?” அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அழாதீங்க. உங்க மனசு போதும் எங்களுக்கு.”

சின்னவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் ஈரலுக்கு ஒரு குறையும் இல்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. ஈரல் தர வருபவர்களை ஓர் அம்மாள் தனியறையில் உட்காரவைத்துப் பேசுவார். சொந்தபந்தம் யாரும் கூட வரக் கூடாது. “மனசில்லன்னா இப்பவே சொல்லிடுங்க. ‘பொருந்தல’ன்னு மட்டும்தான் வீட்டுக்குச் சொல்லுவோம். என்ன ஏதுன்னு தலைகீழா நின்னு கேட்டாலும் சொல்ல மாட்டோம்.”

வீட்டில் அவ்வளவு வீராப்புப் பேசியவன் அங்கே உட்கார்ந்து, “பயமா இருக்கு மேடம், என்னை அறுக்க வேணாம்” என்று குழந்தை மாதிரி விம்மினான். பெண்டாட்டி தடுத்தாள், பிள்ளை குறுக்கே விழுந்தது என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. வெறும் பயம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், வாசல் பெஞ்சில் அக்கா! அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“உனக்குக் காப்பி கொண்டாந்தேன்டா” என்று அவள் கைகளைப் பிசைந்துகொண்டே எழுந்தாள்.

“எனக்குப் பொருந்தலையாம்க்கா” என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அதற்குமேல் அங்கே நிற்க அவனால் முடியவில்லை. அக்கா கொண்டுவந்த காப்பியைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டோமே என்று தெருவுக்கு வந்த பிறகுதான் நினைத்துக்கொண்டான். அன்று சாயங்காலமே அக்கா சம்மதித்துவிட்டதாகச் செய்தி வந்தது.

தியேட்டர் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியைக் கழற்றிச் சிரித்தார். “ரெண்டு பேருமே நல்லா இருக்காங்க. புது ஈரல்லேர்ந்து பித்தம் வர ஆரம்பிச்சிருச்சு.” அத்தை அந்த இடத்திலேயே ஓவென்று அழுதாள்.

நாள் போகப் போக அண்ணன் கண்ணிலிருந்த மஞ்சள் இறங்கியது. சீப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இப்போது தலையைத்தான் வாரினான். அக்காதான் பாவம், கிழித்துத் தைத்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்தாள்.

“இவளை மனுஷின்னா சொல்றது? தெய்வம்! அண்ணனுக்காகத் துளி யோசிக்கலையே!” நர்ஸ், துப்புரவுக்காரர், பக்கத்துக் கட்டில் நோயாளி என்று அத்தை ஒருத்தரையும் விடவில்லை. அவள் சொல்லும்போதெல்லாம் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். சின்னவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

ஒருநாள் அத்தை மாத்திரை வாங்கக் கீழே போனாள். அறையில் வேறு யாரும் இல்லை. இதற்குமேல் தாங்காது என்று சின்னவன் கட்டிலருகே வந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டான்.

“அக்கா, எனக்குப் பொருந்தலன்னது பொய். நான்தான் பயந்துபோய் வேணாம்னு சொன்னேன். நான் படுக்க வேண்டிய கட்டில்ல நீ படுத்திருக்க.”

“தெரியும்டா” என்றாள் அக்கா. “நீ அழுதது வெளியில பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு.”

அவனுக்கு உடம்பு கூசியது. “அப்பவே தெரியுமா? தெரிஞ்சும் என்னைக் காட்டிக்குடுக்காம நீ போய்ப் படுத்தியா? அத்தை சொல்றது சரிதான்க்கா. நீ தெய்வம்தான்.”

“நீயும் ஆரம்பிச்சிட்டியா? அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு மானம் போகுது.” அக்கா சிரிக்கப் பார்த்தாள், தையல் இழுத்ததோ என்னவோ, கண் கலங்கிவிட்டது. கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அத்தை இன்னும் வரவில்லை.

“அன்னிக்கு என் கையில பிளாஸ்க் இருந்துச்சாடா?”

சின்னவன் யோசித்தான். பிளாஸ்க் இல்லை. பையும் இல்லை. பிசைந்துகொண்டிருந்த இரண்டு கைகள்தான் நினைவுக்கு வந்தன. மெல்லத் தலையை நிமிர்த்தினான்.

அக்கா அவன் முகத்தைப் பார்க்காமல் முணுமுணுத்தாள்.

“நானும் அதையே சொல்லத்தான்டா வந்தேன். நீ முந்திக்கிட்ட.”