இடது கால்

சுங்கை ரம்பாய் கோயில் மண்டபத்தில் ஹரிதாஸ் பேயாக நடந்துகொண்டிருந்தான்.

வலது கையை மார்போடு மடக்கி, இடது காலைத் தரையில் இழுத்து, வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. நடுவில் நின்று தலையை ஒரு சிலுப்பு.

"பறக்கத் தெரிஞ்ச பேய்க்கு எதுக்குலா இந்த நடை? வாழத்தோப்புலேர்ந்து ஹீரோ வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள இன்டர்வெல் விட்டுருவான்."

மதியச் சாப்பாட்டுக்கு வந்த கூட்டம் பாயசத்தை மறந்து சிரித்தது.

பேய்ப்படங்களை அவன் கலாய்க்காத மேடை இல்லை. தானாகத் திறக்கிற கதவு, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கொலுசுச் சத்தம், பேயை விரட்ட வந்து தானே ஓடுகிற சாமியார். ஆனால் பேர் வாங்கிக் கொடுத்தது என்னவோ அந்த நடைதான். இரண்டு வருடமாகப் போகிற இடமெல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள்.

அதை ஒரே ஓர் ஆள் மட்டும் பார்த்துவிடக் கூடாது என்று அவன் பட்டபாடு கொஞ்சமில்லை. பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருக்கும் அம்மா ஜெயமணிக்குப் பழைய பட்டன் போனே போதும் என்றுவிட்டான். நிகழ்ச்சிக்கு வரட்டுமா என்று கேட்டபோதெல்லாம் தூரம், கூட்டம், வெயில் என்று ஏதாவது சாக்குச் சொன்னான்.

கைதட்டல் அடங்குவதற்குள் கோயில் தலைவர் அப்புசாமி இன்னொரு மைக்கோடு மேடையேறினார். கலைஞனுக்கு மட்டும் மாலை போட்டு அனுப்புகிற வழக்கம் அந்தக் கோயிலில் இல்லையாம். பெற்றவளுக்கும் பொன்னாடை உண்டாம். கார் அனுப்பி அழைத்து வந்திருப்பதாகச் சொல்லி, கடைசி வரிசையைப் பெருமையாகக் கைகாட்டினார்.

ஹரிதாஸ் வாயருகே இருந்த மைக்கைக் கீழே இறக்கினான்.

ஜெயமணி நாற்காலியைப் பிடித்து எழுந்து நடக்கத் தொடங்கினார். ஸ்ட்ரோக் வந்து மூன்று வருடம் ஆகிறது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலது கை மார்போடு மடங்கிக் கிடந்தது. வலது கால் தரையில் இழுபட்டது.

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். இதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்ததுதான் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அப்புறம் மண்டபமே சிரித்தது. சிலர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள்.

ஹரிதாசின் கையில் மைக் இருந்தது. அது நடிப்பில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சிரிப்பு நின்றுவிடும். அதோடு அந்த நடையும் போய்விடும்.

அவன் சொல்லவில்லை. மானங்கெட்டவன், பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

ஜெயமணி நடுவழியில் நின்றார். சிரிக்கிற முகங்களைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு, சற்றுமுன் அவன் செய்தது போலவே, தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பினார்.

கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது.

மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். ஹரிதாஸ் தரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அம்மா அவன் பக்கத்தில் வந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"காலத்தான் மாத்துன. கைய அப்படியே விட்டுட்டியேய்யா."