நொடியைப் பிடித்தவர்

“போச்சு சார், ரெண்டு நொடி ஆயிடுச்சு. இன்னொரு வாட்டி பிடிங்க.”

மிக்கேல் இப்படிச் சொன்னது பதினேழாவது முறை. சிவஞானம் பல்லைக் கடித்துக்கொண்டு, உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கிய ஊறுகாய் ஜாடியை மறுபடியும் ஆட்டிவிட்டார். ஜாடி அவர் மனைவி மங்கையர்க்கரசியுடையது. அவளுக்குத் தெரியாமல் எடுத்து வந்திருந்தார்.

தீவின் டெலானிபூர் மேட்டில், துறைமுகத்துக் கப்பல்களுக்குச் சரியான நேரம் சொல்லும் சின்ன அலுவலகம் அது. சிவஞானம் அதற்கு அதிகாரி. மிக்கேல் கடிகார மெக்கானிக். மெயின்லேண்டிலிருந்து வந்த உத்தரவு மேஜைமேல் கிடந்தது. பூமி சுற்றுவதில் கொஞ்சம் சுணங்குகிறதாம். அதற்காக 1972 ஜூலை முதல் தேதி, காலை ஐந்தரை மணிக்கு, கடிகாரத்தில் ஒரே ஒரு நொடியைக் கூட்ட வேண்டுமாம். அதாவது, பெண்டுலத்தை ஒரு நொடி பிடித்து நிறுத்திவிட்டு விட வேண்டும். விடிந்தால் ஜூலை ஒன்று.

அதை நேரில் பார்க்கப் பெரிய அதிகாரி பாலசுப்பிரமணியம் கப்பலேறி வந்திருந்தார். சிவஞானத்தை மெட்ராசுக்கு மாற்றும் காகிதம் அவர் பையில் கையெழுத்தில்லாமல் இருந்தது.

“நாளைக்குத் தப்பாப் போச்சுன்னா இன்னும் மூணு வருஷம் எனக்கு இந்தத் தீவுதான் மிக்கேல். அந்த மனுஷன் வாய்விட்டே சொல்லிட்டார்.”

“தப்பாது சார், நான் இருக்கேன்லா? நீங்க கண்ணை மூடிக்கிடுங்க, அப்பதான் கை நடுங்காது. கையை எங்க வைக்கணுமோ அங்க நானே வைக்கேன். தோளைத் தொட்டதும் பிடிங்க, கையை எடுத்ததும் விட்ருங்க.”

சிவஞானம் மிக்கேலின் கையைப் பிடித்துக்கொண்டார். இதே மிக்கேல் ஒரு நொடி பிந்தி வந்தாலும் பதிவேட்டில் சிவப்பு மையால் வட்டம் போடுகிறவர் அவர். ரேடியோ ஆபரேட்டர் கோவிந்தராஜ் தும்மிய நேரத்தைக்கூட வேலை நேரத்திலிருந்து கழித்தவர்.

“நீ தங்கமான மனுஷன்யா” என்றார். உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஆனா டீ குடிக்கப் போய் நாலு நிமிஷம் இருபது நொடி ஆக்கிட்டே. அது தப்பு.”

மறுநாள் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் வந்துவிட்டது. பாலசுப்பிரமணியம் கடிகார முகப்பைப் பார்த்து உட்கார்ந்து, ரேடியோவுக்குக் காதைக் கொடுத்தார். ரேடியோவோ கரகரவென்று இரைந்தது.

“என்னய்யா ஒண்ணும் கேக்கலையே! நேரத்தை எதோட ஒத்துப் பாக்குறது?”

“வந்துடும் சாப், வந்துடும்” என்று குமிழைத் திருகிக்கொண்டே இருந்தான் கோவிந்தராஜ்.

சிவஞானம் கடிகாரத்தின் பின்பக்கம், பெண்டுலப் பெட்டியின் முன் நின்று கண்ணை இறுக மூடினார். முருகா என்றார். மிக்கேல் அவர் கையைப் பிடித்துப் பெட்டிக்குள் வைத்தான். தோளில் அவன் விரல் பட்டது. பிடித்தார். விரல் விலகியது. விட்டார்.

அந்த நேரம் பார்த்து ரேடியோ தெளிந்தது. நீளமாக ஒரு ஒலி. கடிகார முள்ளும் சரியாக ஐந்தரையைத் தொட்டது.

“சபாஷ் சிவஞானம்!” என்று பெரியவர் எழுந்தே விட்டார். சிவஞானம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆறு மணிக்கு மிக்கேலும் கோவிந்தராஜும் மேட்டுக்குக் கீழே டீக்கடையில் இருந்தார்கள்.

“கடைசி நிமிஷம் வரைக்கும் ரேடியோவைக் கரகரன்னு வைக்கச் சொன்னே, வச்சேன். எதுக்குன்னு இப்பவாவது சொல்லுய்யா.”

“பெண்டுலத்துல சின்னதா ஒரு தட்டு இருக்குல்லா? வேகத்தைச் சரிபண்ண அதுல போட்டிருந்த காசை நேத்து காலையிலயே எடுத்துட்டேன். காசு இல்லன்னா கடிகாரம் ஒரு நாளைக்கு ஒரு நொடி மெதுவா ஓடும். ராவும் பகலுமா, கொஞ்சங்கொஞ்சமா அந்த நொடி தானே கூடிட்டு. முன்கூட்டியே ரேடியோவோட ஒத்துப் பாத்திருந்தா மாட்டியிருப்போம்.”

“அச்சா! அப்ப சார் பிடிச்சது?”

“பெட்டிக்குள்ள, பெண்டுலத்துக்குப் பக்கத்துல தொங்குத இரும்புக் குண்டை. அதை ஒரு நொடி பிடிச்சா கடிகாரத்துக்குத் தெரியக்கூடத் தெரியாது.”

கோவிந்தராஜுக்குப் புரை ஏறியது. “அந்த ஆளுக்காகவா இவ்வளவு பாடு பட்டே?”

“அவருக்காகவா? நமக்காகத்தாம்லே! அந்தக் கை பெண்டுலத்தைத் தொட்டிருந்தா காரியம் கெட்டிருக்கும். இன்னும் மூணு வருஷம் இவரை யாருலே தாங்குறது? எப்படியாவது கப்பல் ஏத்திவிட்டாப் போதும்னு நான் தூங்கி ஒரு வாரம் ஆச்சு.”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “பையா, அவுர் தோ சாய்!” என்று கோவிந்தராஜ் இன்னும் ரெண்டு டீக்குக் கடைக்காரரிடம் கை காட்டினான்.

சிவஞானம் மேட்டிலிருந்து வேட்டி தடுக்க ஓடி வந்தார். கையில் காகிதம்.

“கையெழுத்துப் போட்டுட்டார் மிக்கேல்!”

“ரொம்ப சந்தோஷம் சார்!” மனதாரச் சொன்னான் மிக்கேல்.

“இரு, முழுசாக் கேளு. மிக்கேல் இல்லேன்னா எனக்குக் கையே ஓடாது சார்னு அவர்கிட்ட அழுதே விட்டேன். என் பேருக்குக் கீழே உன் பேரையும் எழுதிட்டார். பெட்டியைக் கட்டுய்யா, ரெண்டு பேருக்கும் ஒரே கப்பல், மெட்ராஸ்லயும் ஒரே ஆபீஸ்!”