ஏழு மெயில்கள்

"மெயில் வந்தது. அதோட வச்ச கடிதம் மட்டும் வரலை."

"அங்க இருக்கிற மெயில் புரோகிராமும் இங்க இருக்கிறதும் ஒத்துப்போகலை போல. நடுவழியில முழுங்கிடுது."

போன வாரம் போனில் அவன் அளந்த கதை இது. இன்றைக்கு, மெயில் கோளாறு பார்ப்பவள் நேரிலேயே வந்து அவன் கணினி முன் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்படி ஆகிறது உண்டுதான். ஆனா திறக்க முடியாத கோப்பாவது ஒண்ணு வந்து சேரும்" என்றவள், ஒரு படத்தை இணைத்துத் தன் போனுக்கு அனுப்பினாள். மறுநொடியே முழுசாக வந்து விழுந்தது.

"அனுப்புறதுல குறை இல்லையே!"

அனுப்பியவற்றைத் திறந்தாள். ஏழு மெயில்கள். ஏழிலும் 'கடிதம் இணைப்பில்' என்ற ஒற்றை வரிதான். ஒன்றிலும் எதுவும் இணைக்கப்படவில்லை.

"ஏழு தடவையுமா மறந்துட்டீங்க?"

கையும் களவுமாகப் பிடிபட்டவன் தலையைத் தொங்கப் போட்டான்.

"மறக்கலை. எழுதவே இல்லை. உட்கார்ந்தா கை ஓட மாட்டேங்குது."

"அப்படி என்ன எழுத நினைச்சீங்க?"

"எங்க அக்கா முன்னாடி உன் வேலையை, கம்ப்யூட்டருக்குத் தூசி தட்டுற வேலைன்னு கேலி பண்ணினேனே, அது தப்புன்னு."

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்று மாதமாகப் பிறந்த வீட்டில் இருந்துகொண்டு, அந்த ஏழு மெயில்களையும் திறந்து திறந்து பார்த்தவள் அவள்தான்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"கோளாறு தெரிஞ்சுபோச்சு. கிளம்பட்டுமா?"

அவள் வாசலைத் தாண்டும்முன் அவன் சொல்லிவிட்டான்.

"போகாதே. நம்ம வீட்டுலயே இருந்துடு."