மூன்றாம் ஓலை

உயிர்த்த இயேசு அப்பம் பிட்டதும் சீடர்கள் அவரை அடையாளம் காணும் ஓவியம், சாந்தன்பாறைக் கோயிலுக்குப் புதிது. அதன் முன் ஆரோக்கியசெல்வி விறைத்து நின்றாள்.

“அண்ணே, இந்தச் சீடருக்கு ஏன் புருவத்துல தழும்பு வச்சீங்க?”

“கஞ்சிக்கோட்டுல ஒரு வாட்ச்மேனைப் பாத்து வரைஞ்சது. அவருக்கு இருந்துச்சு,” என்றார் ஓவியர் ஜின்சன்.

“எப்பப் பாத்தீங்க?”

“போன மாசம். ஏன், தெரிஞ்சவரா?”

“மண்சரிவுல போயிட்டாருன்னு ஏழு வருசமா பூசை வைக்கிறேன். உடம்புதான் கிடைக்கலை.”

மணி அடித்தது.

பூசை முடிவில் பங்குச்சாமியார், செபாஸ்டினின் கல்யாண ஓலையை மூன்றாவது, கடைசி முறையாக வாசித்தார். “தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லவும்.”

செபாஸ்டின் சிரித்தபடி பெண்கள் பக்கம் திரும்பினான்.

“தடை இருக்கு சாமி. என் புருசன் உசுரோட இருக்காரு.”

எழுந்து நின்றவள் மணப்பெண் ஆரோக்கியசெல்வி.