எல்லோரும் வந்த கூட்டம்

பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தைப் பள்ளி பெற்றோரின் உறக்கத்துக்குள் மாற்றிய பிறகு எல்லோரும் வந்தார்கள். ஷிப்ட் முடிந்து ஆலைப் பேருந்தில் கண் மூடியதும் பவளக்கொடி வகுப்பறையில் இருந்தாள். அவரவர் பிள்ளையின் இடத்தில் அவரவர் உட்கார்ந்தார்கள். கூரையிலிருந்து புங்கம்பூ உதிர்ந்தது. டீச்சர் நெடுநேரம் பேசினார்.

வீட்டுப் படியிலேயே மகள் யாழ்மதி கேட்டாள். "டீச்சர் என்னம்மா சொன்னாங்க?"

"முழிச்சதும் மறந்துபோச்சுடி. பூ கொட்டுனது மட்டும் ஞாபகம் இருக்கு."

"நல்லாத் தூங்கியிருக்க!" யாழ்மதி நிம்மதியாகச் சிரித்தாள்.

பவளக்கொடி படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"எல்லாரும்தான் வந்திருந்தாங்க. உன் பெஞ்சுல மட்டும் நான் தனியா உக்காந்திருந்தேன். ஏன்டி?"

படியில் நிறைய இடம் இருந்தது. யாழ்மதி அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.