தலைச்சன்

“பேரன் எடுக்குற வயசுல பிள்ளையா!” என்று அம்மாவைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அத்தை சிரித்தாள். கல்லூரிக்குப் போகும் மகளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

முதல் மூன்று மாதம் உதிரப்போக்கில் அம்மா படுத்த படுக்கையானாள். அடுத்து ரத்தக்கொதிப்பு வந்தது. மகள் உப்பில்லாமல் சமைத்தாள், துணி துவைத்தாள், மரத்துப்போனவளாய் நடமாடினாள்.

“உதைக்குதுடி, கை வச்சுப் பாரு.”

“கை ஈரமா இருக்கும்மா.”

கடைசி மாதங்களில் அம்மாவின் கால்கள் வீங்கின. இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார் டாக்டர். அம்மா போய்விட்டால் வீடு வீடாயிருக்காது. பிள்ளையோடு திரும்பி வந்தாலும் அவள் தனக்கு அம்மாவாகவே இருப்பாளா என்று மகளுக்குத் தெரியவில்லை.

அப்பா ரத்தம் வாங்க ஓடியிருந்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரை நிறுத்திய நர்ஸ் மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“முதல் பிரசவம்னு டாக்டர் சொன்னாரே! இவ்வளவு பெரிய பொண்ணு எங்கேருந்து வந்தா?”

எடுத்து வளர்த்த பிள்ளையான மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“பிரசவம்தான் முதல் தடவை, சிஸ்டர். தலைச்சன் இதோ நிக்கிறா.”

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஈரக் கையை அப்படியே அம்மாவின் வயிற்றில் வைத்தாள்.