ஒரு ஓட்டு வித்தியாசம்

"நூத்திப்பதினொண்ணு, நூத்திப்பத்து. ஒரே ஒரு ஓட்டு, மாமா!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் எம்.எல்.ஏ. வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தான் மச்சினன். பால் கூட்டுறவுச் சங்கத் தலைவர் தேர்தலில் தோற்ற சூடு அவனுக்கு ஆறவில்லை.

"யார்கிட்ட தோத்தேன் தெரியுமா? ரெண்டு மாட்டுக்காரிகிட்ட!"

இரண்டே மாடுகளை வைத்துப் பிழைப்பு நடத்துபவளுக்கு ஊர் வைத்த பெயர் அது.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாரும் எனக்குக் குத்தியிருப்பாங்க. வாயையே திறக்கலையே மாமா!"

எம்.எல்.ஏ.வின் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

"நல்லாக் கேளுடா தம்பி! ஊருக்கெல்லாம் சிபாரிசு பண்றவருக்குச் சொந்த மச்சானுக்காகப் பேச நாக்குப் புரளலையாம்."

எம்.எல்.ஏ. செய்தித்தாளை மடித்தார்.

"கூட இருந்தே யாரோ குழி பறிச்சிருக்காங்க" என்று உறுமிவிட்டு, மச்சினன் பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

சத்தம் தெருமுனை தாண்டியதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"என்ன?"

"நான் அந்தப் பொண்ணுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்."

மனைவி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"சங்கம் ஆரம்பிக்க ஒவ்வொரு மாட்டுக் கொட்டகையா ஏறி இறங்கினேனே, அப்ப எல்லாரும் கேட்டது ஒண்ணுதான். 'இது உங்க வீட்டுச் சொத்தா ஆயிடாதே?' ஆகாதுன்னு வாக்குக் கொடுத்தேன்."

அவள் முந்தானை நுனியைத் திருகினாள்.

"போன மழையில பாலம் உடைஞ்சு பால் வேன் வரல. நான் சட்டசபையில மாட்டிக்கிட்டேன். சங்கச் செயலாளர் உன் தம்பி, போனை அணைச்சுட்டுப் படுத்துட்டான். அவதான் பொம்பளைங்களைத் திரட்டி, கேனைத் தலையில வச்சு மூணு மைல் நடந்து கொண்டு சேர்த்தா. ஒரு சொட்டு கெடல. யாருக்குக் குத்தறது, நீயே சொல்லு."

முந்தானை அவள் முகத்தை மூடியது. தோள் குலுங்கியது.

அவர் பதறிப்போனார். "என்னை நாலு வார்த்தை திட்டிடு. அழாதே. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே."

முந்தானை விலகியது. அவள் சிரிப்பை அடக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள்.

"மெதுவாப் பேசுங்க, பக்கத்து வீட்டுல கேக்கப் போகுது. எனக்கும் சங்கத்துல ஓட்டு இருக்கு, தெரியுமில்ல?"

"தெரியும். அதுக்கென்ன?"

"தம்பி மானம் போகுமேன்னு இத்தனை நாள் உங்ககிட்டக்கூட மூச்சு விடல. அன்னிக்குப் போன கேன்ல ஒண்ணு என் தலையில இருந்துச்சு. பின்னே, நான் மட்டும் வேற யாருக்குக் குத்துவேன்?"